காலிப்பர் போல்ட்டை எவ்வளவு முறுக்க வேண்டும்? குழாயை ஓரமாக வைத்துவிட்டு மரையைப் பாருங்கள்

பாம்பன் பக்கமிருந்து ஒரு தம்பி கேட்டிருப்பது இதுதான். பத்து வருஷத்துக்கு மேல் ஓடிய சின்ன கார் ஒன்றுக்கு வீட்டிலேயே முன்பக்க பிரேக் பேட் மாற்றியிருக்கிறார். சில வாரத்திலேயே இடது சக்கரத்தில் 'டக் டக்' என்று சத்தம். கழற்றிப் பார்த்தால் காலிப்பரின் (சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க் தட்டின்மேல் பேட்டை அழுத்துகிற கவ்வி) கீழ் போல்ட் விரலாலேயே சுற்றுகிற அளவுக்கு லூஸாகியிருக்கிறது. ஊரில் ஒருவர் "ஸ்பேனரில் குழாய் மாட்டி ஏறி மிதி" என்கிறார். இன்னொருவர் "மரையில் கிரீஸ் தடவிப் போடு, இல்லாவிட்டால் உப்புக்காற்றில் பிடித்துக்கொள்ளும்" என்கிறார். வீடியோவில் வருகிறவரோ டார்க் ரெஞ்ச் (முறுக்கு விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) இல்லாமல் கையே வைக்காதே என்கிறார். இதில் யார் சொல்வதைக் கேட்பது, எவ்வளவுதான் முறுக்குவது? கேள்வி ஒரு எண்ணைக் கேட்பது போல இருக்கிறது, எண்ணையும் சொல்கிறேன். ஆனால் அவர் தெரிந்துகொள்ள வேண்டியது, அவர் முறுக்கிய போல்ட் ஏன் நிற்கவில்லை என்பதை. அதை விட்டுவிட்டு எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டு போனால் அடுத்த மாதமும் இதே சத்தம் வரும்.

நான் ஐடிஐயில் மோட்டார் மெக்கானிக் படித்துவிட்டு மதுரையில் ஒரு கம்பெனி சர்வீஸ் சென்டரில் இருந்தவன், இப்போது ராமநாதபுரத்தில் சொந்தப் பட்டறை. மண்டபம், ராமேஸ்வரம், கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி என்று கரையோர வண்டிகள்தான் அதிகம் வரும். மதுரையில் ஸ்பேனர் வைத்தால் சுலபமாகக் கழலும் அதே மாடல் வண்டியின் போல்ட், இங்கே சுத்தியலும் துருநீக்கி ஸ்பிரேயும் இல்லாமல் அசையாது. அந்த வித்தியாசத்தை மனதில் வைத்துத்தான் இந்தப் பதிலை எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். 'காலிப்பர் போல்ட்' என்று பொதுவாகச் சொன்னாலும் அங்கே இரண்டு வகை போல்ட் இருக்கிறது. காலிப்பரை ஸ்லைடு பின்னோடு (காலிப்பர் நகர்ந்துகொடுக்க உதவும் தண்டு) பிடிக்கிற சின்ன போல்ட் இரண்டு. பேட் மாற்றும்போது நீங்கள் கழற்றுவது இதைத்தான், தலை பெரும்பாலும் 12 அல்லது 14 ஸ்பேனருக்கு வரும். இதற்குப் பின்னால் பிராக்கெட்டை (காலிப்பரைத் தாங்கும் சட்டம்) நக்கிளோடு (சக்கரம் மாட்டியிருக்கும் உலோகப் பாகம்) பிடிக்கிற பெரிய போல்ட் இரண்டு, அதிகமும் 17 தலை. டிஸ்க் மாற்றினால்தான் அதைத் தொட வேண்டும். சின்ன போல்ட் பெரும்பாலும் எம் 8 மரை (8 மில்லிமீட்டர் விட்டம்), சின்ன கார்களில் ஏறக்குறைய 25 முதல் 35 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும். பெரியது எம் 12 அளவில் வந்தால் 85 முதல் 110 வரை, சில வண்டிகளில் அதற்கும் மேல். இந்த இரண்டு எண்ணையும் மாற்றிப் போட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பெரியதற்கான அளவைச் சின்னதில் கொடுத்தால் தலை கையோடு வந்துவிடும், சின்னதற்கான அளவில் பெரியதை விட்டால் பிராக்கெட்டே ஆட ஆரம்பிக்கும். இரண்டாவதுதான் ஆபத்து, ஏனென்றால் தலை முறிந்தால் அப்போதே தெரியும், ஆடுகிற பிராக்கெட் நடுரோட்டில்தான் தெரியவரும்.

நான் சொன்னது பொதுவான வரம்பு, உங்கள் வண்டிக்கான எண் இல்லை. அது அந்த மாடலின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும், வண்டியோடு கொடுக்கிற புத்தகத்தில் பெரும்பாலும் வீல் நட்டின் அளவு மட்டும்தான் போட்டிருப்பார்கள். மேனுவலைப் பார்க்கும்போது அலகையும் பாருங்கள். நியூட்டன் மீட்டர், கிலோகிராம் மீட்டர், அடி பவுண்டு என்று மூன்றும் கலந்து வரும். ஒரு கிலோகிராம் மீட்டர் என்பது 9.8 நியூட்டன் மீட்டர், ஒரு அடி பவுண்டு 1.36 நியூட்டன் மீட்டர். 26 நியூட்டன் மீட்டர் என்று இருப்பதை அமெரிக்க வீடியோ பார்த்த ஞாபகத்தில் 26 அடி பவுண்டு என்று வைத்தால் 35 நியூட்டன் மீட்டர் ஆகிவிடும், அதாவது மூன்றில் ஒரு பங்கு கூடுதல்.

இப்போது போல்ட் எப்படிப் பிடிக்கிறது என்பதைக் கொஞ்சம் பார்ப்போம், மற்ற எல்லாம் இதில்தான் தொங்குகிறது. போல்ட்டை முறுக்கும்போது அது மிக மிகக் கொஞ்சமாக நீள்கிறது. நீண்டது சுருங்கப் பார்க்கிறது, அந்த இழுவைதான் இரண்டு பாகத்தையும் அழுத்திப் பிடிக்கிறது. நாம் ஸ்பேனரில் கொடுக்கிற விசையில் ஏறக்குறைய பாதி போல்ட் தலைக்கு அடியில் உராய்வில் போய்விடும், இன்னொரு பெரிய பங்கு மரையின் உராய்வில் போகும், மிஞ்சுகிற பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை நீட்டுகிறது. டார்க் ரெஞ்ச் அளப்பது மொத்த விசையை, போல்ட்டின் இழுவையை அது பார்ப்பதே இல்லை. ஆகவே உராய்வு மாறினால் அதே எண்ணில் இழுவை தலைகீழாக மாறிவிடும். துருப்பிடித்த மரையில் 30 நியூட்டன் மீட்டர் வைத்து, அந்த அளவு வந்துவிட்டது என்று ரெஞ்ச் கிளிக் சத்தம் கொடுத்தாலும், அந்த விசையெல்லாம் துருவை அரைப்பதிலேயே செலவாகி போல்ட் உள்ளே சும்மா உட்கார்ந்திருக்கும். கிரீஸ் தடவிய மரையில் அதே 30 வைத்தால் இழுவை அளவுக்கு மேல் போய் போல்ட் நீண்டு கெட்டுவிடக்கூடும். ஆக, டார்க் ரெஞ்ச் வைத்து முறுக்கிவிட்டேன் என்பதோடு வேலை முடிந்துவிடவில்லை.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது. காலிப்பரின் காது, அதாவது போல்ட் நுழைகிற நீட்டம், அதிகம் தடிமன் இல்லாதது, அந்தச் சின்ன போல்ட் பிடித்திருக்கும் நீளமே ஒரு சென்டிமீட்டர் சொச்சம்தான் இருக்கும். அந்த நீளத்தில் போல்ட் சரியாக முறுக்கப்பட்டால் அது நீள்கிற அளவு ஒரு மில்லிமீட்டரில் நூறில் இரண்டு மூன்று பங்கு. நோட்டுப் புத்தகத் தாள் ஒன்றின் தடிமன்கூட இதைப்போல மூன்று நான்கு மடங்கு இருக்கும். இப்போது அந்தக் காதுக்கும் போல்ட் தலைக்கும் நடுவே ஒரு துருச் செதில் மாட்டிக்கொண்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். முறுக்கும்போது கெட்டியாகத்தான் இருக்கும், கிளிக் சத்தமும் வரும். வண்டி நாலு நாள் மேடு பள்ளத்தில் குலுங்கியதும் அந்தச் செதில் பொடிந்து உதிரும், உதிர்ந்த இடத்தில் போல்ட்டின் இழுவை மொத்தமும் போய்விடும், அப்புறம் அதிர்வில் தானாகவே கழலும். உங்களுக்கு நடந்தது இதுவாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம். கரையோர வண்டிகளில் நான் பார்க்கிற முதல் காரணம் இது.

இரண்டாவது காரணமும் இருக்கலாம். ஸ்லைடு பின்னுக்கு உள்ளேதான் இந்த போல்ட்டின் மரை போகிறது. போல்ட்டைத் திருப்பும்போது பின்னும் கூடவே சுற்றினால் போல்ட் ஏறவே ஏறாது, ஆனால் கைக்கு ஏதோ டைட் ஆகிற மாதிரி இருக்கும். பின்னில் தட்டையான இரண்டு பக்கம் வெட்டியிருப்பார்கள், அதில் ஒரு மெல்லிய ஸ்பேனரைப் போட்டு அசையாமல் பிடித்துக்கொண்டுதான் போல்ட்டை முறுக்க வேண்டும். வீட்டில் செய்கிறவர்களிடம் பெரும்பாலும் இந்த மெல்லிய ஸ்பேனர் இருக்காது. பழைய ஸ்பேனர் ஒன்றை வாங்கி கிரைண்டரில் தேய்த்து மெலிதாக்கி வைத்துக்கொள்ளுங்கள், நாங்களும் அப்படித்தான் செய்கிறோம். (சில மாடல்களில் பின்னும் போல்ட்டும் ஒரே துண்டாக இருந்து பிராக்கெட்டில் நேராக ஏறும், அதற்கு இந்தத் தொல்லை கிடையாது.)

அடுத்து அந்தக் குழாய் யோசனை. ஒரு மீட்டர் குழாயின் நுனியில் அறுபது கிலோ ஆள் ஏறி நின்றால் அது ஏறக்குறைய 590 நியூட்டன் மீட்டர். எம் 12 மரையில் 10.9 தரத்து (போல்ட்டின் வலிமைக் குறி) போல்ட் பொதுவாக 125 அளவில் முறுக்கப்பட வேண்டியது, எம் 8 என்றால் 35. நாலைந்து மடங்கு, கிட்டத்தட்ட பதினேழு மடங்கு என்று விசை கொடுத்தால் போல்ட் உடனே முறிவது நல்லது, முறியாமல் நீண்டு நிற்பதுதான் கெடுதல். குழாய் கழற்றுவதற்கு உதவும், நானும் கழற்றும்போது மாட்டுவேன். முறுக்குவதற்கு வேண்டவே வேண்டாம். காற்றுத் துப்பாக்கியும் (காற்றில் ஓடும் முறுக்குக் கருவி) அப்படித்தான். பஞ்சர் கடையில் டர்ர் என்று ஓட்டுவதைப் பார்த்துவிட்டு இங்கேயும் அதை வைக்காதீர்கள்.

கிரீஸ் விஷயத்துக்கு வருவோம், இது நம் ஊருக்கே உரிய பழக்கம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். விசைப்படகு, வல்லம் எஞ்சின் வேலை பார்க்கிறவர்கள் எந்த போல்ட்டைப் போட்டாலும் கிரீஸில் தோய்த்துத்தான் போடுவார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக் காலத்தில் கரையேற்றிய படகுகளில் நடக்கிற வேலையைப் போய்ப் பாருங்கள், கிரீஸ் டப்பா இல்லாத ஆளே இருக்க மாட்டார். படகுக்கு அது சரி. உப்புத்தண்ணீரிலேயே கிடக்கிறது, அடுத்த வருஷம் கழற்றியாக வேண்டும். அந்தப் பழக்கத்தை அப்படியே பிரேக்குக்குக் கொண்டுவரும்போதுதான் சிக்கல். கார் கம்பெனி கொடுக்கிற எண், மேனுவலில் வேறு மாதிரிச் சொல்லாத வரை, சுத்தமான, உலர்ந்த மரைக்கான எண். கிரீஸ் தடவினால் அதே எண்ணில் இழுவை கால் பங்கோ அதற்கு மேலோ கூடிவிடும்.

இதில் உறுதியாகச் சொல்லக்கூடியது, காலிப்பரின் சின்ன போல்ட் மரையில் கிரீஸ் வேண்டாம் என்பது. பிராக்கெட்டின் பெரிய போல்ட்டில் செம்பு கிரீஸ் மெலிதாகத் தடவலாமா என்பதில் மெக்கானிக்குகளுக்குள்ளேயே ஒத்த கருத்து கிடையாது. தடவிவிட்டு முறுக்கும் அளவைக் கொஞ்சம் குறைக்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் வண்டி ஒன்றும் கழன்று விழுந்துவிடவில்லை. நான் செய்வதில்லை. எவ்வளவு குறைப்பது என்பதற்கு ஆதாரம் பார்க்காமல் கை போன போக்கில் குறைக்கிறார்கள், பிரேக்கில் அப்படி ஒரு ஊகம் எனக்கு ஒத்துவராது. அதற்குப் பதிலாக நீல நிற த்ரெட் லாக்கர் (மரைக்கென்று விற்கிற பசை) இரண்டு சொட்டு விடுவேன். அது மரை இடுக்கை நிரப்பிக் கெட்டியாகிவிடுவதால் போல்ட் அதிர்வில் கழலாது, உப்பு ஈரமும் உள்ளே போகாது. கிரீஸ் தடவச் சொன்னவருடைய பயத்துக்கும் பதில் அதிலேயே இருக்கிறது. சிவப்பு நிறத்தது வேண்டாம், அதைக் கழற்ற சூடு வைக்க வேண்டிவரும். மேனுவலில் த்ரெட் லாக்கர் போடாதே என்று இருந்தால் போடாதீர்கள், அவ்வளவுதான்.

கிரீஸ் போட வேண்டிய இடம் ஒன்று உண்டு. ஸ்லைடு பின்னின் வழுவழுப்பான தண்டுப் பகுதி. அங்கேயும் பேரிங்குக்குப் போடுகிற மஞ்சள் கிரீஸ் கூடாது. பிரேக் ரப்பர்கள் பெரும்பாலும் இபிடிஎம் என்கிற ரப்பர், பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊதிப் பெருத்துவிடும். ரப்பர் உறை ஊதியதும் பின் இறுகி நிற்கும், காலிப்பர் நகராது, ஒரு பேட் மட்டும் தேய்ந்துகொண்டே போகும். பிரேக்குக்கென்றே விற்கிற சிலிக்கான் கிரீஸ் சின்ன பாக்கெட்டில் கிடைக்கும், அதைத் தடவுங்கள். பேட் மாற்றியபோது பின்னைக் கையால் இழுத்துப் பார்த்தீர்களா? விரலால் தள்ளினால் உள்ளே போய் வர வேண்டும். ரப்பர் உறை கிழிந்திருந்தால் உப்பும் மணலும் உள்ளே போயிருக்கும், மாற்றிவிடுங்கள். மேல் பின்னும் கீழ் பின்னும் பல வண்டிகளில் வேறு வேறு, ஒன்றின் நுனியில் சின்ன ரப்பர் வளையம் இருக்கும். இடம் மாறிப் போனால் அதுவும் சத்தம் போடும்.

இங்கே ஏன் இவ்வளவு துரு என்றால், உப்புக்கு ஒரு குணம் உண்டு. காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 விழுக்காட்டைத் தாண்டினால் அது காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரைந்துவிடும். நம் கரையில் ராத்திரியானால் அந்த அளவைத் தொடுவது சாதாரணம். மழையே பெய்யாவிட்டாலும் போல்ட் தலையில் ஒட்டியிருக்கும் உப்பு ராத்திரியில் ஈரமாகி, பகலில் காய்ந்து, மறுபடி ஈரமாகிக்கொண்டே இருக்கும். துருப் பிடிப்பதைச் சோதிக்க காரைக்குடி சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்) மண்டபத்தில் ஒரு மையத்தையே வைத்திருக்கிறது, காரணம் இதுதான். தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனை வரை ரோடு போட்ட பிறகு, இரண்டு பக்கமும் கடல் சாரலும் ரோட்டில் ஏறிக் கிடக்கிற மணலும் சேர்ந்து வண்டிக்கு அடியில் அப்பிக்கொண்டு வருகிறது. அங்கே போய் வந்த அன்றே சக்கரத்துக்கு உள்பக்கம் நல்ல தண்ணீர் அடித்துவிடுங்கள். மேலே வழவழவென்று துடைத்து வைத்துவிட்டு அடியை அப்படியே விடுகிறவர்கள்தான் அதிகம்.

சரி, வேலையை எப்படிச் செய்வது என்று பார்ப்போம். ஜாக்கியை மணல் தரையில் நேராக வைக்காதீர்கள், தடித்த பலகை போடுங்கள், கூடவே ஸ்டாண்டு வேண்டும், பின்சக்கரத்துக்குக் கல் முட்டு வேண்டும். இதில் சமாளிக்கலாம் என்பதே கிடையாது. காலிப்பரைக் கழற்றியதும் பிரேக் ஹோஸில் தொங்க விடாமல் ஒரு கம்பியால் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் கட்டிவிடுங்கள். போல்ட்டை வயர் பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு பிரேக் கிளீனரால் கழுவுங்கள். மண்ணெண்ணெயில் கழுவினால் எண்ணெய்ப் படலம் நிற்கும், பிறகு பிரேக் கிளீனரால் இன்னொரு தடவை கழுவ வேண்டும். பின்னுக்குள் இருக்கும் மரையிலும் ஸ்பிரே அடித்து, துணியைத் திரித்து உள்ளே விட்டுத் துடையுங்கள். காலிப்பர் காதில் போல்ட் தலை உட்காரும் இடத்தையும் பின் வந்து உட்காரும் இடத்தையும் நைஸ் உப்புத்தாள் வைத்து உலோகம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்துவிடுங்கள். பெயிண்ட் இருந்தால் அதையும் எடுங்கள். வேலையிலேயே முக்கியமான ஐந்து நிமிஷம் இதுதான், எல்லாரும் தாண்டிப் போவதும் இதைத்தான். பிராக்கெட்டில் பேட் உட்காரும் தகட்டுக்கு அடியிலும் துரு ஊறித் தகட்டைத் தூக்கியிருக்கும், அதையும் சுரண்டி எடுங்கள், இல்லாவிட்டால் புது பேட் அங்கே இறுகி நிற்கும்.

சுத்தம் செய்த போல்ட்டை ஸ்பேனர் இல்லாமல் விரலால் மட்டும் ஏற்றிப் பாருங்கள். கடைசிவரை விரலுக்கே ஏறினால் மரை நன்றாக இருக்கிறது. நடுவில் மாட்டினால் நிறுத்திவிடுங்கள், ஸ்பேனர் வைத்து ஏற்றினால் மரையை வெட்டிக்கொண்டு போகும். புது போல்ட் ஒன்றைப் பக்கத்தில் வைத்து மரையோடு மரையைப் பொருத்தி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நீண்டுபோன போல்ட்டில் நாலைந்து சுற்றுக்குள் பல் விலகி இடைவெளி தெரியும், கழுத்துப் பகுதி மெலிந்திருக்கும். அப்படி ஒன்று கண்ணில் பட்டால் தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதான்.

டார்க் ரெஞ்ச் வாங்கப் போனால், கடையில் முதலில் எடுத்துக் காட்டுவது 40 முதல் 200 சொச்சம் வரை அளக்கிற பெரியது. அது பிராக்கெட்டுக்கும் வீல் நட்டுக்கும் சரி, 30 நியூட்டன் மீட்டருக்கு உதவாது. எந்த கிளிக் ரெஞ்சும் அதன் அளவுகோலின் அடிமட்டத்தில் நம்பகமாக இருக்காது. சின்ன போல்ட்டுக்கு 3/8 அங்குல டிரைவ் (சாக்கெட் மாட்டும் சதுர முனை) வருகிற, பத்திலிருந்து அறுபது எழுபது வரை அளக்கிற ஒன்று வேண்டும். கைப்பிடியின் நடுவைப் பிடித்து, வெடுக்கென்று இழுக்காமல் ஒரே சீராக இழுங்கள், கிளிக் என்றதும் விடுங்கள். சந்தேகத்துக்கு இரண்டு மூன்று கிளிக் வைப்பது வேலையைக் கெடுக்கும். முடிந்ததும் அளவைக் கீழே இறக்கி வைக்க வேண்டும், போல்ட்டைக் கழற்ற அதைப் பயன்படுத்தக் கூடாது.

இரண்டு ரெஞ்ச் வாங்க வசதிப்படவில்லை என்றால் நம் ஊரில் ஒரு வழி இருக்கிறது, மீன் எடை போடுகிற கொக்கி வைத்த டிஜிட்டல் தராசு. போல்ட்டின் மையத்திலிருந்து ஸ்பேனரில் சரியாக 25 சென்டிமீட்டர் அளந்து ஒரு கோடு போடுங்கள். அந்த இடத்தில் கொக்கியை மாட்டி, ஸ்பேனருக்குச் செங்குத்தாக மெதுவாக இழுங்கள். தராசில் 12 கிலோ சொச்சம் காட்டினால் அது 30 நியூட்டன் மீட்டர். கணக்கு எளிது: வேண்டிய நியூட்டன் மீட்டரை மீட்டரில் இருக்கும் தூரத்தால் வகுத்து, வருவதை 9.8 ஆல் வகுத்தால் கிலோ. 100 நியூட்டன் மீட்டருக்கு அரை மீட்டர் கைப்பிடியில் 20 கிலோ 400 கிராம். சாய்ந்த கோணத்தில் இழுத்தால் கணக்கு தப்பும், கொக்கி நழுவினாலும் தப்பும், ஆகவே இது டார்க் ரெஞ்சுக்கு ஈடு என்று சொல்ல மாட்டேன். ஆனால் 'கை அளவு' என்று சொல்லி முறுக்குவதைவிட எவ்வளவோ மேல். கை அளவு பழகிய மெக்கானிக்கின் கைக்கு ஓரளவு பொருந்தும், அதுவும் தினமும் அதே ஸ்பேனர், அதே மாடல் என்று இருந்தால். வருஷத்துக்கு ஒரு தடவை போல்ட் தொடுகிற கைக்கு அந்தக் கணக்கு வராது.

முறுக்கும்போது எதிர்ப்பு கூடிக்கொண்டே வந்து, திடீரென்று கூடாமல் மெழுகு மாதிரி சுற்ற ஆரம்பித்தால் உடனே நிறுத்துங்கள். போல்ட் நீள்கிறது, அல்லது மரை கழன்றுகொண்டிருக்கிறது. சின்ன போல்ட் என்றால் பயமில்லை, மரை பின்னுக்குள்தானே இருக்கிறது, பின்னையும் போல்ட்டையும் சேர்த்து மாற்றிவிடலாம், செலவும் பெரிதில்லை. பிராக்கெட் போல்ட்டின் மரை நக்கிளில் போனால்தான் விவகாரம். ஹெலிகாயில் (கெட்ட மரைக்குள் வைக்கிற கம்பிச் சுருள் மரை) போட்டுச் சரிசெய்து தருகிற லேத் பட்டறைகள் உண்டு, எஞ்சின் வேலையில் நானே போட்டிருக்கிறேன். பிரேக்குக்கு அதைச் சிலர் ஒத்துக்கொள்கிறார்கள், என் பட்டறையில் நான் நக்கிளைத்தான் மாற்றச் சொல்வேன். உங்கள் வண்டியின் நக்கிள் இரும்பா அலுமினியமா என்று ஒரு காந்தத்தை ஒட்டிப் பாருங்கள். சின்ன கார்களில் பெரும்பாலும் இரும்புதான். அலுமினியமாக இருந்தால் உப்பு ஈரத்தில் இரும்பு போல்ட்டோடு சேர்ந்து இன்னும் வேகமாக அரிக்கும், வெள்ளைப் பொடி பூத்திருக்கும், கழற்றும்போதே மரையைப் பிடுங்கிக்கொண்டு வரும்.

புது போல்ட் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை, இதுவும் நம் கரைக்கே உரியது. "துருவே பிடிக்காது" என்று படகு சாமான் கடையில் எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) போல்ட் எடுத்துக் கொடுப்பார்கள், பளபளவென்று அழகாகவும் இருக்கும். பிரேக்கில் அதைப் போடாதீர்கள். காலிப்பர் போல்ட்டின் தலையில் 8.8 அல்லது 10.9 என்று குத்தியிருக்கும். 8.8 என்பது 640 மெகா பாஸ்கல் வரை நீளாமல் தாங்குவது, 10.9 என்பது 900 வரை. கடையில் சாதாரணமாகக் கிடைக்கிற ஏ2-70 வகை எஸ்.எஸ். போல்ட் 450 அளவிலேயே நீள ஆரம்பித்துவிடும். போதாக்குறைக்கு அதன் மரை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிற குணமும் உள்ளது. ஹார்டுவேர் கடை போல்ட்டிலும் கவனம், ஜப்பானிய வண்டிகளில் எம் 12 பெரும்பாலும் 1.25 மரை (மரைப் பற்களின் இடைவெளி, மில்லிமீட்டரில்), ஹார்டுவேர் கடையில் சாதாரணமாகக் கிடைப்பது 1.75. இரண்டு சுற்று ஏறுகிறதே என்று ஸ்பேனர் வைத்தால் நக்கிள் போச்சு. ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் வண்டி மாடலைச் சொல்லி அதற்கான போல்ட்டையே கேட்டு வாங்குங்கள். பிராக்கெட் போல்ட்டை சில கம்பெனிகள், குறிப்பாக ஐரோப்பிய வண்டிகளில், ஒரு தடவைக்கு மேல் போடக் கூடாது என்று சொல்லியிருப்பார்கள், இத்தனை நியூட்டன் மீட்டர் முறுக்கி அதற்கு மேல் இத்தனை டிகிரி திருப்பு என்று இருக்கும். அப்படி இருந்தால் புதுசுதான் போட வேண்டும்.

எல்லாம் முறுக்கியபின் போல்ட் தலையிலிருந்து காலிப்பர் வரை நெயில் பாலிஷில் ஒரு கோடு இழுத்துவிடுங்கள், வீட்டில் யாரிடமாவது வாங்கிக்கொள்ளலாம். நூறு கிலோமீட்டர் ஓடியதும் எட்டிப் பாருங்கள், கோடு நேராக இருந்தால் போல்ட் அசையவில்லை. வீல் நட்டை அந்தச் சமயத்தில் மறுபடி டார்க் ரெஞ்ச் வைத்துப் பார்ப்பது நல்ல பழக்கம். காலிப்பர் போல்ட்டை அப்படி மறுபடி முறுக்கத் தேவையில்லை, த்ரெட் லாக்கர் போட்டிருந்தால் முறுக்கவே கூடாது, கெட்டியான பிடி உடைந்துவிடும். வண்டியை எடுப்பதற்கு முன்னால் பிரேக் பெடலைக் கெட்டியாகும்வரை பல தடவை மிதித்துவிடுங்கள். பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்பதால் முதல் மிதியில் பிரேக்கே இருக்காது, தெருமுனையில் போய் அதைத் தெரிந்துகொள்ள வேண்டாம்.

கடைசியாக உங்கள் 'டக் டக்' சத்தம். மேடு பள்ளத்தில் சத்தம் வந்து, பிரேக்கை லேசாகத் தொட்டதும் நின்றால் அது காலிப்பரோ பேட்டோ ஆடுகிற சத்தம். பிரேக்கைத் தொட்டாலும் மாறாமல் வந்துகொண்டே இருந்தால் பந்து மூட்டு, லிங்க் ராடு என்ற சஸ்பென்ஷன் பாகங்கள் பக்கம் பாருங்கள். போல்ட் சரியான பிறகும் முதல் வகைச் சத்தம் இருந்தால் பேட்டைப் பிடிக்கிற ஸ்பிரிங் தகடு போட விட்டுப்போயிருக்கலாம், பழைய தகடு துருவில் தேய்ந்தும் இருக்கலாம். வண்டியைப் பார்க்காமல் இதற்கு மேல் சொன்னால் அது ஊகம்தான். சில வாரம் லூஸாக ஓடிய அந்தக் கீழ் போல்ட்டை மட்டும் எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் திரும்பப் போடாதீர்கள் தம்பி. காலிப்பர் ஆடி ஆடி அதன் மரையும் பின்னின் வாயும் அடிபட்டிருக்கும், இரண்டையும் புதுசாக வாங்கிக்கொண்டு, வலது பக்கத்தையும் அன்றைக்கே கழற்றிப் பாருங்கள்.